பலகையில் நான் அழித்த பெயர்

மச்சான்,

நேற்று அசர் தொழுதுவிட்டுக் கல்முனைச் சந்தைப் பக்கம் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் இரண்டு இளந்தாரிகள் கடதாசி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் ஒரு வாளிப் பசை. கூப்பன் கடைக் கோதுமை மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்த அதே பசை. அந்தப் புளிச்ச மணம் மூக்கில் பட்டதும் சைக்கிளைவிட்டு இறங்கினேன். உன் வீட்டு அடுப்படியில் நீ அதைத் துழாவ, நான் பக்கத்தில் கைகட்டி நின்று கட்டளை போட்ட நாட்கள் ஞாபகம் வந்தன. "மாஸ்டர் ஒருக்கா இந்த அகப்பையப் புடிச்சிப் பாருங்க, வாயால துழாவுறது லேசு" என்பாய். கேலி பண்ணும்போது மட்டும்தான் நீ என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவாய்.

அது பீடி ஒழிப்புக் கடதாசி, அதில் இருந்தது என் வசனம். "ஒளித்துக் குடித்தாலும் இருமல் காட்டிக் கொடுக்கும்." நான்கு வருடத்துக்கு முன் எழுதியது, ஒரு எழுத்தும் மாறவில்லை. இளந்தாரிகளில் ஒருவன் என்னைக் கண்டு சலாம் சொன்னான். "உங்கட வசனம்தான் மாஸ்டர். இத விட நல்லா ஒருத்தராலயும் எழுத ஏலா" என்றான். நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறான், பாவம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை உனக்கு எழுதுகிறேன். வேறு யாருக்கும் எழுத முடியாது, யாரிடமும் கதைக்கவும் முடியாது. காரணம் உனக்குத் தெரியும். எழுதி முடித்து அடுப்பில் போடுவதா, பெட்டிக்குள் பூட்டி வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நீ என் தங்கச்சியைக் கலியாணம் முடித்ததால் மச்சான் ஆனவன் அல்ல. அதற்கு முன்பே, குர்ஆன் ஓதுற பள்ளியில் ஒரே பாயில் இருந்த காலத்திலேயே நீ எனக்கு மச்சான்தான். நான் படித்து மாஸ்டர் ஆனேன். நீ மருதமுனையில் தறியில் இருந்தாய். ஊரில் இடுப்பில் கட்ட நல்ல சாரன் வேண்டுமென்றால் உன் கொட்டிலுக்குத்தான் வருவார்கள். தறி நாடாவை ஒரு கை எறிய, மற்றக் கையில் பீடி புகையும். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு. "பீடி இல்லாட்டி என்ட கை ஓடாது மச்சான்" என்று நீ சொன்னதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்!

வாசிகசாலையில் நாங்கள் பத்துப்பேர் கூடி பீடி, சுருட்டு ஒழிப்புக்கு ஒரு சங்கம் வைத்தோம். வெள்ளைக்காரன் போய்ச் சில வருடம்தான். எல்லாவற்றையும் நாங்களே திருத்திவிடலாம் என்ற ஒரு வேகம் எல்லோருக்கும் இருந்தது, எனக்குக் கொஞ்சம் கூடுதலாக. நான்தான் செயலாளர். ஊர்வலம் போவது, கடதாசி ஒட்டுவது எல்லாம் எந்த ஊரிலும் செய்வார்கள். எங்கள் ஊருக்கென்று நான் கண்டுபிடித்தது பலகை. பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து பள்ளிவாசலின் வெளி மண்டபத்தில் மாட்டினேன். நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், பீடியை விடுகிறவர் எழுந்து நின்று "வல்லாஹி, இனித் தொடமாட்டேன்" என்று அல்லாஹ்மேல் ஆணையாகச் சபையறியச் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயரை வெள்ளை மையால் பலகையில் எழுதுவோம். நோன்பு மாதம் பகலெல்லாம் எப்படியும் குடிக்க முடியாது, அந்தத் தைரியத்தில் ஆட்கள் எழும்புவார்கள் என்பது என் கணிப்பு. வாக்கை முறித்தால் அதேபோல் ஒரு வெள்ளிக்கிழமை, அதே சபைக்கு முன்னால் பெயரை அழிப்போம். அதுவும் என் கண்டுபிடிப்புத்தான்.

முதல் வெள்ளிக்கிழமை வெகுநேரம் ஒருவரும் எழும்பவில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது மூன்றாம் சஃப் வரிசையில் இருந்து நீ எழும்பினாய். மடியில் கிடந்த பீடிக்கட்டை எடுத்து எனக்கு முன்னால் வைத்துவிட்டு, வல்லாஹி என்றாய். உனக்குப் பிறகு பதினேழு பேர் எழும்பினார்கள். வெளியே வந்ததும், "உன்ட முகத்தப் பாக்க ஏலாமப் போச்சி மச்சான், அதுக்குத்தான் எழும்பினன். இனி என்ன, விட்டுத்தான் ஆகணும்" என்று சொல்லித் தலையைச் சொறிந்தாய். பெருநாள் அன்றைக்கு எல்லோரும் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ வாயில் கராம்பைப் போட்டு மென்றுகொண்டு திரிந்தாய். பிறகும் அப்படியே. ஒரு வருடத்துக்கு மேல் உன் வாயில் கராம்பு மணம்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் நீ என்னோடு முரண்டு பிடித்தாய். முதன்முதலாக ஒருவருடைய பெயரை அழித்த அன்று. கடற்றொழில் செய்யும் மனுஷன், அவருடைய மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழித்தோம். நீ திரும்பி வந்து, உன் வீட்டு வாசலில் வைத்துச் சொன்னாய்: "எழுதினாப் போதும் மச்சான். அழிக்கிற வேலைய அல்லாஹ்ட கையில விடு." நான் உனக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். கட்டுப்பாடு இல்லாவிட்டால் இயக்கம் இல்லை என்றேன். நீ கொட்டாவி விட்டுவிட்டு உள்ளே போனாய்.

மாரி தொடங்கியபோது உனக்கு இருமல் வந்தது. வாடைக்காற்றுக்கு எல்லோருக்கும் வருவதுதான். மழை ஓய்ந்தும் உன் இருமல் ஓயவில்லை. நீ வீட்டுக்குள் படுக்காமல் தறிக்கொட்டிலில் பாய் போட்டுப் படுக்கத் தொடங்கினாய். உனக்கென்று தனியாக ஒரு தகரக் கோப்பை வைத்துக்கொண்டாய், யாருக்கும் அதைக் கொடுக்கமாட்டாய். உன் மடியில் ஏறிக் கிடக்கும் இளையவளைக் கிட்ட எடுக்காமல் அதட்டினாய். இதையெல்லாம் நான் பார்த்தேன் மச்சான். பார்த்து என்ன நினைத்தேன் தெரியுமா? பீடி மணத்தை மறைக்கிறாய் என்று நினைத்தேன். என் வசனம் எனக்கே பாடமாகிப் போயிருந்தது.

ஒரு நாள் காலை, பள்ளிக்கூடம் போகும் வழியில் தங்கச்சியிடம் எதையோ கொடுக்க வந்தேன். கொட்டிலுக்குப் பின்னால், கிடுகு வேலிக்கு மேலாகப் புகை எழும்பியது. கூடவே உன் இருமல். வேலியைச் சுற்றி நாலு எட்டு வைத்தால் என்னவென்று கண்ணாலேயே கண்டிருப்பேன். நான் வைக்கவில்லை. புகையின் மணம் பீடி மணமா, வேறா என்று பிரித்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் ஒரு பீடியைக்கூட மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாத ஒருவன், பீடி ஒழிப்புக்குச் செயலாளன்.

நீ வேலிக்கு இப்பால் வந்தாய். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. நான் கேட்டேன்: "மச்சான், திரும்பவும் தொடங்கிட்டியா?"

நீ என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் குற்றவாளியின் பார்வை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், ஒரு கணக்கைத் தலைக்குள் போட்டுப் பார்க்கிறவனின் பார்வை அது. பிறகு நீ சொன்னாய்.

"ஓம்."

அடுத்த வெள்ளிக்கிழமை உன் பெயரை நானே அழித்தேன். வேறு ஆளை விட்டிருக்கலாம். சொந்த மச்சானென்றும் பார்க்காமல் அழித்தான் என்று ஊர் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு. சொன்னது. மரைக்கார் ஒருவர் என் தோளில் தட்டி, "நீதி எண்டா இதுதான்" என்றார். நீ அதே மூன்றாம் சஃபில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாய். ஈரத் துணியால் பலகையைத் துடைக்கும்போது உன் இருமல் எனக்குப் பின்னால் கேட்டது. எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது, இரக்கம் வரவில்லை. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அந்த நாட்களில்தான் உன் மூத்தவளுக்குக் கலியாணப் பேச்சு நடந்தது. சாய்ந்தமருதில் நல்ல குடும்பம், மாப்பிள்ளை கடையில் இருக்கிறார், குணமான பிள்ளை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். அதனால் அவர்கள் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைத்தான் கூடுதலாகப் பார்ப்பார்கள். கிணறு எப்படி, காற்றோட்டம் எப்படி, வீட்டில் என்ன நோய், எல்லாம் விசாரிப்பார்கள். பேச்சு முடிக்க வந்த அன்று நீ இருமிக்கொண்டே இருந்தாய். மாப்பிள்ளையின் வாப்பா சிரித்துக்கொண்டு, "என்ன சம்பந்தி, பலகையில பேர அழிச்சும் விடல்லயாக்கும்? இனியாவது பீடிய விடுங்க, பேரப்புள்ளயத் தூக்கணுமே" என்றார். நீயும் சிரித்தாய். "விட ஏலாமத்தான் கிடக்கு" என்றாய். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. எழும்பி வெளியே போய்விட்டேன்.

நிக்காஹ் முடிந்து ஐந்தாம் நாள், என் தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். என் வகுப்பு வாசலில் அவள் வந்து நின்றது அதுவே முதல் தடவை. முக்காட்டுக்குள்ளிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துக் காட்டினாள். உள்ளே இரத்தம் காய்ந்து கிடந்தது.

"காக்கா, அவரு பீடி குடிக்கல்ல. அந்த வெள்ளிக்கிழம வல்லாஹி செல்லி விட்டதுதான், ஒண்டுகூடத் தொடல்ல."

"அப்ப அந்தப் புகை?"

"பெரியநீலாவண நாட்டு வைத்தியம் பாக்கிற பரிசாரியார் ஊமத்தம் இல தந்தவரு. தணல்ல போட்டு ஆவி புடிக்கச் சொன்னவரு. இளப்புக்கு. மறுகா, இது சயரோகம் போல கிடக்கு, என்னால ஏலா, மட்டக்களப்புக்குப் போ எண்டு அவரே செல்லிட்டாரு. இவருதான், நிக்காஹ் முடியட்டும், ஒருத்தருக்கும் செல்லப்படாது எண்டு என்னட்டக் குர்ஆன்மேல சத்தியம் வாங்கிட்டாரு."

வகுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ கொட்டிலில் தறிக்கட்டையில் சாய்ந்துகொண்டு இருந்தாய். நான் கத்தினேன். உன்னை என்னென்னவோ சொல்லி ஏசினேன், எல்லாம் ஞாபகமில்லை. நீ கையைக் காட்டி என்னைத் தூர நிற்கச் சொன்னாய்.

"சத்தம் போடாத மச்சான். புதுமாப்பிள உள்ள இரிக்கார்."

"ஏன்டா ஓம் எண்டு சொன்ன? நான் கேட்டப்ப ஏன் ஓம் எண்ட?"

"சயரோகக்காரன் வீட்டுக்கு ஆரு மாப்பிள அனுப்புவாங்க? பீடிக்காரன் வீட்டுக்கு அனுப்புவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய்: "இருமலுக்கு என்ன சாட்டுச் சொல்ற எண்டு தெரியாம முழிச்சிக்கிட்டு நிண்டன். நீதான் சாட்டுக் கொண்டுவந்து தந்த. ஊர் முழுக்க ஒட்டியும் வச்சிரிக்க."

நீ அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போனோம். கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது நீ ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு, "இந்தத் தண்ணி நிறத்துல ஒரு சாரன் நெய்யணும்" என்றாய். பெரியாஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புதிய ஊசி இருக்கிறது, எத்தனையோ பேர் சுகமாகிப் போகிறார்கள் என்றார். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நாலு மாதத்துக்கு முந்திக் கொண்டு வந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்" என்றார். நாலு மாதத்துக்கு முந்தி என்றால் நான் உன் பெயரை அழித்த மாதம். அவருக்கு அது தெரியாது.

நாற்பது நாள் அங்கேயே வைத்து ஊசி போட்டார்கள். ஞாயிறு தோறும் வந்து பார்த்தேன். கடைசி ஞாயிறு நான் ஒரு முடிவோடு வந்திருந்தேன். வருகிற ஜும்ஆவில் சபைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொல்லி, உன் பெயரைத் திரும்ப எழுதப்போகிறேன் என்றேன். உனக்குக் கதைக்க மூச்சில்லை. ஆனாலும் என் கையைப் பிடித்தாய், அதுவரைக்கும் கிட்டவே வரவிடாதவன்.

"எழுதாத மச்சான். சின்னவள் இரிக்காள்."

நான் கையை இழுக்கப் பார்த்தேன், நீ விடவில்லை.

"அழிச்சது அழிச்சதாவே கிடக்கட்டும். எனக்கு வாக்குத் தா."

தந்தேன். வல்லாஹி என்று சொல்லித்தான் தந்தேன். செவ்வாய்க்கிழமை நீ மவுத்தானாய். மையவாடியில் மண் போடும்போது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் இன்னொருவரிடம், "பீடிதான் நெஞ்ச அரிச்சிட்டு. பாவம், வாக்குக் குடுத்தும் விட ஏலாமப் போச்சி" என்றார். அவர் உனக்காக உண்மையாகவே அழுதார் மச்சான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரு நல்ல காரியம், தங்கச்சியையும் இரண்டு பிள்ளைகளையும் மருமகனையும் வீட்டுச் சாமான் வாங்கும் சாட்டில், பெருநாள் உடுப்புச் சாட்டில் என்று ஒவ்வொருவராக மட்டக்களப்புக்குக் கொண்டுபோய் நெஞ்சுப் படம் எடுத்தது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. உன் தகரக் கோப்பைக்கும் தனிப்பாய்க்கும் அல்லாஹ் கூலி தருவான். மூத்தவளுக்கு ஒரு ஆண் பிள்ளை. உன் மூக்கு.

சங்கத்தை நான் கலைக்கவில்லை. ஏன் கலைக்கவில்லை என்று நீ கேட்கலாம். பீடி கெட்டதுதான், அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் செயலாளர் வேலையை இளையவர்களிடம் கொடுத்துவிட்டேன். யாராவது இருமினால், குடிக்கிறாயா என்று நான் இப்போது கேட்பதில்லை. எத்தனை கிழமையாக என்று கேட்கிறேன். மூன்று கிழமை என்றால் அவரைப் பஸ்ஸில் ஏற்றும் வரைக்கும் விடமாட்டேன். காரைதீவிலிருந்து வந்து என்னோடு படிப்பிக்கும் ஒரு மாஸ்டரை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சுகமாகி வந்துவிட்டார். ஆட்கள் எனக்குக் கிறுக்கு என்கிறார்கள். சொல்லட்டும்.

இப்போது இளையவர்கள் திரும்பவும் ஊர்வலம் தொடங்கியிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு புதிய செயலாளர் பேசினார். நல்ல பேச்சாளர். பீடியால் அழிந்தவர்களுக்கு உதாரணம் சொல்லும்போது உன் கதையைச் சொன்னார். பெயர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் விளங்கியது. "முதலில் எழும்பி வல்லாஹி சொன்னவர், ஒளித்துக் குடித்து நெஞ்சு வெடித்துச் செத்தார்" என்றார். சொல்லிவிட்டு, நான் சாட்சி என்பதுபோல் என்னைப் பார்த்தார். சபையும் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன்.

அது எப்படியோ ஓதுற பள்ளிக்கும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் இளையவள் என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. உயரம் உன்னைப் போல. வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"மாமா, வாப்பா அல்லாஹ்மேல சத்தியம் பண்ணிட்டு முறிச்சவரா? புள்ளயள் செல்லுதுகள்."

நீ என் கையைப் பிடித்த அந்த ஞாயிறு எனக்கு முன்னால் வந்தது. இந்தப் பிள்ளைக்கும் ஒரு மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வரவேண்டும். பிள்ளையின் வாயில் ஒரு சொல் போட்டால் நாளைக்கு ஓதுற பள்ளி முழுக்கப் போகும்.

"ஓம் மகள்," என்றேன்.

அவள் அழவில்லை. தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஓதித் தாற லெப்பை செல்லித் தந்தவரு. சத்தியத்த முறிச்சா ஏழைகளுக்குச் சோறு குடுக்கணுமாம், ஏலாட்டி மூணு நோன்பு புடிக்கணுமாம். வாப்பா அதப் புடிக்காமத்தானே மவுத்தாகிட்டாரு. நான் புடிக்கிறன் மாமா. அவருக்கு அங்க லேசாகட்டும்."

தங்கச்சிக்கும் எனக்கும் அவளைத் தடுக்க ஒரு காரணமும் சொல்ல முடியவில்லை. திங்கள் பிடித்தாள். நேற்றும் பிடித்தாள். இன்றைக்கு மூன்றாவது. நல்ல வெயில். பின்னேரம் நான் அங்கே போனபோது உதடு காய்ந்து, சுவரில் சாய்ந்து இருந்தாள். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவள் கையேந்தி, நீ முறித்த வாக்கை அல்லாஹ் மன்னிக்க வேண்டும் என்று வாய்விட்டு துஆக் கேட்டாள். கேட்டுவிட்டு, ஆமீன் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தாள்.

நான் ஆமீன் சொன்னேன் மச்சான்.